கிம்லான் போட்ட சத்தம்

ஃபூ ருய்யிங்கின் குரலை முதன்முதலில் கேட்டபோது, எங்கோ வெட்டுக்குத்து நடக்கிறது என்று நினைத்துக் கிம்லான் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டாள். பதறிக்கொண்டு ஓடிப் பார்த்தால், கல்சுவர்க் கொட்டடி வாசலில் கட்டைகுட்டையாக ஒருத்தி நின்று பன்றிகளைத் தீனிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் விஷயம்.

கிம்லானோ அதற்கு நேர் எதிர். அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவரே காதைக் கிட்டக் கொண்டுவர வேண்டும். ஜாவாவில் அம்பராவா என்ற சின்ன ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவள் கணவன் எங்ஹோக் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தான். கடையின் பின்கட்டில் தையல் மெஷினைப் போட்டு அவள் ரவிக்கையும் கால்சட்டையும் தைத்துக் கொடுப்பாள். சீனர்கள் சிற்றூர்களில் இனிக் கடை நடத்தக் கூடாது என்று அந்த நாட்டு அரசு உத்தரவு போட்டதும் சைக்கிள் கடை மூடியது. "கப்பல் அனுப்புகிறோம், தாய்நாட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. கிம்லானுடைய தாத்தா காலத்தில் விட்டுவந்த மண் அது. அவளுக்கு அந்த மண்ணின் மொழிகூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் 1960-இல் புருஷனும் பெண்டாட்டியும் தையல் மெஷின், இரண்டு சைக்கிள், ஒரு ரேடியோப் பெட்டியோடு கப்பலேறினார்கள். துறைமுகத்தில் மேளம் அடித்து, மாலை போட்டு, "வந்தீர்களே!" என்று கட்டிக்கொண்டு அழுதார்கள். கிம்லானும் அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை என்று பிற்காலத்தில் எத்தனையோ நடந்த பிறகும் அவள் சொல்வாள்.

அங்கிருந்து ஹைனான் தீவின் கிழக்குப் பக்கம், செங்குன்றுப் பண்ணை என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். கடல்கடந்து திரும்பியவர்களுக்கென்றே அமைத்த பண்ணை. ரப்பர், மிளகு, கொஞ்சம் காப்பி. செங்கல் வீடுகளில் அவர்களைக் குடிவைத்து, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் கூடுதல் ரேஷன் சீட்டும் கொடுத்தது அரசாங்கம். நாடு முழுக்க வயிறு காய்ந்து கிடந்த நேரம் அது. உள்ளூர்க்காரர்கள் கிழங்கும் கீரையும் தின்றுகொண்டு, வந்தவர்களின் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

ஃபூ ருய்யிங் பெருமூச்சு விடுகிறவள் அல்ல, வாய்விட்டே கேட்கிறவள்.

"ஏண்டி தென்கடல்காரி! காலையில ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல்னு கிணத்தையே இறைச்சுக் காலி பண்றியே. உன் ஒடம்பு என்ன, சேத்துல முளைச்ச சேப்பங்கிழங்கா?"

தெற்கே கடல்தாண்டி வாழ்ந்து திரும்பியவர்களுக்கு அங்கே அப்படித்தான் பேர். ஒரு வார்த்தையும் புரியாத கிம்லான் மரியாதையாகத் தலை குனிந்து சிரித்தாள்.

"பாருங்கடி இவளை! திட்டினா சிரிக்கிறா! இவளை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சண்டை போடறது?"

கிணற்றடியே சிரித்தது. அன்றிலிருந்து தினமும் ஒரு வசவு. ஹைனான் பேச்சைக் கிம்லான் கற்றுக்கொண்டதே அந்த வசவுகளிலிருந்துதான். உப்பு, புளி, விறகு என்பதற்கெல்லாம் சொல் தெரியுமுன்னே, சோம்பேறிக்கு நாலு சொல்லும் வாயாடிக்கு ஆறு சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தன. ஃபூ அக்காவுக்கு அவளைவிட எட்டு வயது கூட. புருஷன் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டான். மூன்று ஆண் பிள்ளைகளைப் பன்றிக் கொட்டடி வேலையில் ஒற்றை ஆளாக வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இருவரையும் பக்கத்தில் கொண்டுவந்தது ஒரு புயல். மூன்றாம் ஆண்டு, கிம்லான் நிறைமாதமாக இருந்தபோது, காலையில் ஆரம்பித்த காற்று மத்தியானத்துக்குள் செங்கல் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. எங்ஹோக் மலைப்பக்கம் வேலைக்குப் போயிருந்தான். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தவளை ஃபூ அக்கா தோளில் போட்டுத் தூக்காத குறையாக இழுத்துப் போனாள். பண்ணையிலேயே கெட்டியான கட்டடம் பன்றிக் கொட்டடிதான்.

"பயப்படாதே. நான் நூறு பன்னிக்குப் பிரசவம் பார்த்திருக்கேன். ஒண்ணுகூடக் குறை சொன்னதில்ல" என்றாள்.

வலியிலும் கிம்லானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைக்கோலின்மேல், சுற்றிலும் பன்றிகள் உறுமிக்கொண்டிருக்க, பெண் குழந்தை பிறந்தது. அமைதி என்று பொருள்படும்படி நிங் என்று பேர் வைத்தார்கள். வைத்த நேரமோ என்னவோ, அமைதி மூன்று வருஷம்தான் நீடித்தது.

1966-இல் நாடெங்கும் புரட்சிக்கு எதிரிகளைத் தேடும் வேட்டை தொடங்கி, பண்ணைப் பள்ளிக்கூடச் சுவரெல்லாம் பெரிய எழுத்தில் காகிதங்கள் முளைத்தன. முதலில் நகரத்துப் பெரிய மனிதர்களின் பெயர்கள். பிறகு பண்ணை நிர்வாகியின் பெயர். அப்புறம் வெளிநாட்டில் சொந்தக்காரர் உள்ள எல்லாருமே சந்தேகத்துக்குரியவர்கள் என்றார்கள். இந்தப் பண்ணையில் வெளிநாட்டில் சொந்தம் இல்லாத குடும்பம் எது? மாலை போட்டு வரவேற்ற அதே வாய்கள் "ஒற்றர்கள்" என்று கோஷம் போட்டன.

எங்ஹோக்கின் ரேடியோதான் அவனுக்கு எமனாக வந்தது. வேலை முடிந்து வந்ததும் அதைத் திருகி, இரைச்சலுக்கு நடுவில் எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஜாவானிய இசையைக் கேட்பான். அந்தப் பெட்டி வழியாக எதிரி நாட்டுக்குச் செய்தி அனுப்புகிறான் என்று எழுதி ஒட்டினார்கள். சிவப்புப் பட்டை கட்டிய இளைஞர்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். கிம்லானுடைய பூப்போட்ட சாரோங் கைலிகளையும் குதிகால் செருப்பையும் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். எங்ஹோக்கைக் கைகளைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், விசாரணைக் கைதிகளை அடைத்துவைத்திருந்த பழைய மாட்டுக்கொட்டகையில் தள்ளினார்கள். இழுத்துப் போகும்போது எவனோ துப்பாக்கிக் கட்டையால் இடது காதோரம் ஓங்கி அடித்தான். அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

கிம்லானைக் களத்துமேட்டில் நிறுத்தி, தலையில் ஒரு பாதியை மட்டும் மழித்துவிட்டார்கள். குழந்தை நிங் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தக் குரல் வந்தது.

"என்னடா வேலை செஞ்சிருக்கீங்க? பாதி மயிரை யாருக்கு மிச்சம் வெச்சீங்க? பேன் பிடிச்ச தலைடா இது! ஒற்றன் பொண்டாட்டிக்கு மயிர் ஒரு கேடா? கொடுங்கடா கத்தியை!"

ஃபூ அக்கா கத்தியைப் பிடுங்கி, கிம்லானின் கழுத்தை அழுத்திக் குனியவைத்து, மீதித் தலையையும் மழித்துத் தள்ளினாள். கூட்டம் கைதட்டியது. கிம்லான் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இவளுமா என்று நெஞ்சு வெடித்தது. மழித்து முடித்ததும் ஃபூ அக்கா ஒரு ஓலைத்தொப்பியை எடுத்து அவள் தலையில் 'பட்'டென்று கவிழ்த்தாள்.

"மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல. மூடிக்கிட்டு நட!"

வீட்டுக்கு வந்து கையால் தடவிப் பார்த்தபோதுதான் கிம்லானுக்கு உறைத்தது. பாதி மழித்த தலையோடு இருந்தால் போகிற இடமெல்லாம் கல்லெறி விழும். முழு மொட்டைக்குமேல் தொப்பி போட்டால் பத்தோடு பதினொன்றாக நடமாடலாம். மழிக்கும்போது கத்தி ஒரு இடத்தில்கூடத் தோலைக் கீறவில்லை.

வர்க்க எதிரிகளைக் கண்காணித்து வேலைவாங்க, பரம ஏழைக் குடும்பத்து ஆள் ஒருவர் தேவைப்பட்டார். பண்ணையின் புரட்சிக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்த இளைஞன் மாய், ஃபூ அக்காவைவிட ஏழை யார், அவளைவிடப் பெரிய வாய் யாருக்கு என்று அவளையே நியமித்துவிட்டான். அன்றிலிருந்து விடிந்ததும் அவள் குரல்தான் கோழி.

"எந்திரிங்கடி பேய்களா! ஏ தென்கடல்காரி, கிளம்புடி! இன்னிக்கு உன் இடுப்பை ஒடிக்கலைன்னா என் பேரு ஃபூ இல்ல!"

அவள் போடுகிற சத்தத்தில், மேற்கொண்டு அடிக்கவோ உதைக்கவோ வருகிறவர்கள் "இவ பார்த்துக்குவா" என்று திரும்பிப் போய்விடுவார்கள். வெறும் சத்தத்தாலேயே ஒருத்தியைச் சுற்றி வேலி போட முடியும் என்பது கிம்லானுக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று.

சிவப்புப் பட்டைகள் கட்டுக்கட்டாகத் தேவைப்பட்டபோது, "ஒற்றன் பொண்டாட்டி கையாலயே புரட்சிக்குத் தைக்க வைக்கணும். அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?" என்று ஃபூ அக்கா மாயிடம் போய் நின்றாள். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. உடைக்கத் தூக்கிப் போன தையல் மெஷின் பன்றிக் கொட்டடிக்குத் திரும்பி வந்தது. மேடையில் நிறுத்தி அவமானப்படுத்தும் கூட்டம் நடக்கிற நாட்களில் கிம்லானுக்கு மட்டும் எப்படியோ அவசரத் தையல் வந்துவிடும். தன் புருஷனை அடித்தவர்களின் கைக்குப் பட்டை தைக்கிறோமே என்று சில நாள் ஊசி குத்தியதுகூடத் தெரியாமல் தைப்பாள். ஆனால் மேடை ஏறவில்லை.

மாட்டுக்கொட்டகைக் கழிவு வாளிகளைத் தினமும் சுமந்துபோய் எருக்குழியில் கொட்ட வேண்டும். பண்ணையிலேயே கேவலமான வேலை. "அதை இவதான் தூக்கணும்" என்று ஃபூ அக்கா எல்லார் எதிரிலும் விரல் நீட்டிச் சொன்னாள். முதல் நாள் குமட்டிக்கொண்டே வாளியைத் தூக்கப் போன கிம்லான், பலகை இடுக்கில் எங்ஹோக்கின் கண்ணைப் பார்த்தாள். நாற்றத்துக்குப் பயந்து காவல்காரன் எட்டப் போய் நின்றுகொண்டிருந்தான்.

"நிங் எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. ஃபூ அக்கா பசங்களோட திரியறா. இப்ப அவங்களை மாதிரியே திட்டறா."

"இந்தப் பக்கமா வந்து பேசு. அந்தக் காது கேக்கல."

அதற்கப்புறம் அந்த வாளியை வேறு யாராவது கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள்.

சாப்பாடு இன்னொரு கதை. எதிரிகளுக்குக் கஞ்சி மட்டும்தான், அதுவும் முகம் தெரிகிற கஞ்சி. கொட்டடியில் பன்றிகளுக்குப் பெரிய கொப்பரையில் தீனி வேகும். அடியில் தவிடும் கொடியும். மேலாக, ஒரு இலையில் சுற்றி, வள்ளிக்கிழங்கு, சில நாள் தேங்காய்ச் சில்லு, ஒரு தடவை கருவாட்டுத் தலை.

"தீனி வெந்துச்சா பாருடி" என்பாள் ஃபூ அக்கா. "வெந்துடுச்சு அக்கா" என்று கிம்லான் எட்ட நின்று சொன்னால் போதாது. "பார்த்தா தெரியுமா? தின்னு பாருடி! வேகாததைத் தின்னு என் பன்னிக்கு வயித்துவலி வந்தா உன்னைக் கொன்னுடுவேன்!" குனிந்து தின்பாள். கண்ணீர் வரும். புகையால் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதை யாரோ பார்த்துவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கிம்லான் முயலவும் இல்லை.

இந்த வேட்டை தொடங்கிய மூன்றாம் வருஷக் கோடையில் மாய் அவளைக் குழு அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இரவெல்லாம் கூட்டம் போட்டுக் கண்கள் சிவந்திருந்தன.

"பன்னிக்கு ஒதுக்கின தீனியைத் திருடி எதிரியோட பொண்டாட்டிக்குப் போட்டிருக்கா அந்த ஃபூ. வர்க்கத்தை மறந்துட்டா. நாளைக்குக் களத்துமேட்டுல விசாரணை. நீ மேடையேறிச் சொல்லணும்."

அவளை நிற்கவைத்தே மாய் தொடர்ந்தான்.

"உன் புருஷன் வெளிய வரணுமா, வேண்டாமா? நீ ஒத்துழைச்சா அவன் விஷயத்தைச் சீக்கிரம் பார்க்கலாம். வாயை மூடிக்கிட்டு நின்னேன்னா, அவனை மலைக்கு அந்தப் பக்கம் கல்லுடைக்க அனுப்பிடுவேன். அங்க போனவன் திரும்பினதில்ல."

வெளியே வந்தவள் நேராக வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பலகை இடுக்கில், நல்ல காதுப் பக்கமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

எங்ஹோக் பலகை இடுக்கோடு வாயை ஒட்டினான்.

"கல்லுதானே, உடைக்கிறேன். அவங்களை மாட்டிவிட்டுட்டு வெளிய வந்து நான் யார் மூஞ்சில முழிக்கிறது? நம்ம பொண்ணு கண்ணு திறந்து முதல்ல பார்த்த மூஞ்சி அது."

"அப்ப நான் பேசக் கூடாதா?"

"பேசாம இருந்தாலும் அவங்களை விடமாட்டான். நீ என்ன பண்ணுவே, கிம்லான்? எனக்கும் ஒண்ணும் தோணல."

காவல்காரன் செருமினான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு எருக்குழி வரை நடந்தாள். அந்த வழி முழுக்க யோசித்தாள். பேசாவிட்டால் புருஷன் போவான். பேசினால் அக்கா போவாள். பேசு என்றுதானே மாய் சொன்னான், என்ன பேசவேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று குழிக்கரையில் நின்றபோது தோன்றியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் களத்துமேட்டில் பண்ணையே கூடியிருந்தது. ஃபூ அக்காவின் தலையில் கூம்பு வடிவக் காகிதத் தொப்பி. கழுத்தில் பலகை. பிள்ளைகள் மூவரும் கூட்டத்தின் ஓரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் மாய். அவனுக்குப் பக்கத்தில் ராணுவப் பிரதிநிதி. பண்ணைகளில் நடக்கும் அடிதடியைக் கட்டுப்படுத்த அந்த வருஷம்தான் ராணுவத்தார் வந்திருந்தார்கள். நரைத்த தலை. வடக்கத்திக்காரர், ஹைனான் பேச்சு புரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பின்னால் குந்தியிருந்தார்.

கிம்லானை மேடையேற்றினார்கள். ஃபூ அக்கா அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள். எப்போதும் ஓயாத அந்த வாய் இறுக மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் கிம்லானுக்குள் ஏதோ அறுந்தது.

"பேசு" என்றான் மாய்.

"பேசறேன்." அது முன்வரிசைக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டாள். "பேசறேன்! இவ மனுஷியே இல்ல!"

களத்துமேடு திடுக்கிட்டது. அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது யாருக்குமே தெரியாது.

"பிசாசு! ராட்சசி! எல்லாரும் ஒரு காவடி எரு தூக்கினா எனக்கு ரெண்டு காவடி! கொட்டகைக் கக்கூஸ் வாளியை யார் தூக்கினது? நான்தான்! மழையானாலும் நான், காய்ச்சலானாலும் நான்! முதல் நாளே வேற ஆளை அனுப்புங்கன்னு கால்ல விழுந்தேன். 'உன் வெளிநாட்டு மூக்குக்கு அதுதாண்டி மருந்து'ன்னா!"

"தீனியைப் பத்திச் சொல்லு" என்று மாய் பல்லைக் கடித்தான்.

"சொல்றேன், அதையும் சொல்றேன்! பன்னிக்கு வெச்சதை என்னைத் தின்னச் சொன்னா! நாய்கூட மோந்து பார்க்காது அதை! மாட்டேன்னா கழுத்தைப் பிடிச்சு அழுத்துவா. 'தின்னு பாருடி, உனக்கு அதுவே ஜாஸ்தி'ம்பா! நானும் ஒரு மனுஷிதானே? எதிரின்னா பன்னித் தீனியா போடுவாங்க? எந்தச் சட்டத்துல இருக்கு? ராவும் பகலும் தையல்! கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு! என் தலையை மழிச்சவ யாரு? எல்லாரும் பார்த்தீங்களே! இந்தச் சோம்பேறிக் கழுதை, வாயாடிச் சனியன், வாத்துக்காலு வெச்சுக்கிட்டு நடக்கற இந்தப் பூதம் கிட்டேருந்து என்னைக் காப்பாத்துங்க! வேற யாரையாவது போடுங்க! யாரா இருந்தாலும் இவளைவிட நல்லவங்களாத்தான் இருப்பாங்க!"

மூச்சு வாங்கியது. இதெல்லாம் நடந்ததா என்று கேட்டால், ஒன்று விடாமல் நடந்ததுதான். சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பாள்.

வாத்தியார் ஒவ்வொன்றாக ராணுவப் பிரதிநிதியின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்துக்காலில் கொஞ்சம் திணறினார். கூட்டத்தில் ஒரு கிழவர் முதலில் சிரித்தார். பிறகு பின்வரிசைப் பெண்கள். தீனி எதற்கு, வாளி எதற்கு என்று அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கவேண்டும். ஒருத்திகூட வாய் திறந்து மறுத்துச் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கும் கிம்லான் பிற்பாடு நன்றி சொல்லிக்கொள்வாள்.

ராணுவப் பிரதிநிதி முழங்காலில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"தோழர் மாய், இந்த அம்மா எதிரிகிட்ட இரக்கம் காட்டினாங்கன்னுதானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? எதிரியே இப்படி அலறினா, இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

மாய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எதைச் சொல்வது? அவளைப் பேசச் சொன்னதே அவன்தான்.

"ஆனா ஒண்ணு" என்று ஃபூ அக்காவின் பக்கம் திரும்பினார் அந்த மனிதர். "எதிரின்னாலும் ஒரு வரைமுறை வேணும். ரெண்டு காவடி கூடாது, ஒண்ணு போதும். பன்னித் தீனியும் கூடாது. எல்லாருக்கும் என்ன கஞ்சியோ அதையே கெட்டியா ஊத்துங்க. புரிஞ்சுதா?"

வாத்தியார் மொழிபெயர்த்ததும் "புரிஞ்சுது, ஐயா" என்றாள் ஃபூ அக்கா. அவள் குரல் அவ்வளவு மெல்லிசாக வந்ததை அன்றுதான் கேட்டார்கள்.

காகிதத் தொப்பியைக் கழற்றினார்கள். கண்காணிப்பு வேலை அவளிடமே நின்றது. கிம்லான் மேடையிலிருந்து இறங்கி, கொட்டடிச் சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

அடுத்த நாள் காலையில் வழக்கம்போல் குரல் வந்தது. எருக்காவடியோடு இருவரும் மிளகுத்தோட்டத்துக்கு நடந்தார்கள். பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஃபூ அக்கா காவடியை இறக்கி வைத்தாள்.

"கக்கூஸ் வாளி சொன்னே, சரி. பன்னித் தீனி சொன்னே, சரி. வாத்துக்காலு எதுக்குடி?"

"ஒரு வேகத்துல வந்துடுச்சு அக்கா."

"வேகத்துல வந்துச்சாம்! அந்த வாத்தியான் அதையும் விடாம மொழிபெயர்த்துட்டான். மிலிட்டரிக்காரன் குனிஞ்சு என் காலைப் பார்க்கறான்!" அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்றுதான் கிம்லான் முதலில் நினைத்தாள். முகத்தைப் பார்த்தபோது அப்படியில்லை. ஃபூ அக்கா மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு காவடியைத் தூக்கினாள்.

"அந்த 'சனியன்'ங்கற வார்த்தையை நீ தப்பா சொல்றே. இழுத்துச் சொல்லணும். நட!"

மாய் தன் மிரட்டலை நிறைவேற்றவில்லை. ராணுவப் பிரதிநிதி கொட்டகைக் கைதிகளின் வழக்கையும் தானே பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஊரிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவன் ரேடியோவைப் பிரித்துப் பார்த்து, இதில் கேட்கத்தான் முடியும், ஒரு தும்மலைக்கூட வெளியே அனுப்ப முடியாது என்றான். குளிர்காலம் முடிகிற நேரத்தில் எங்ஹோக் வெளியே வந்தான். நிங் அவனை அடையாளம் தெரியாமல் ஃபூ அக்காவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அப்பாதாண்டி, உன் அப்பாதாண்டி! போடி, போய்க் கட்டிக்கோ!" என்று முதுகில் ஒன்று வைத்து அவளை முன்னால் தள்ளவேண்டியிருந்தது.

அப்புறமும் சில வருஷம் அவர்களைச் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் ஹாங்காங் போக அனுமதி கொடுக்கத் தொடங்கியதும் பண்ணையில் பாதி வீடு காலியாயிற்று. எங்ஹோக்குக்கும் அனுமதி கிடைத்தது. மூட்டைகூடக் கட்டிவிட்டார்கள். கடைசி வாரத்தில் அவன் மூட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"ஒரு தடவை ஊரை விட்டாச்சு. மறுபடியும் ஒரு ஊருக்குப் போய், மறுபடியும் யாருக்கும் தெரியாதவனா நிக்க என்னால ஆகாது. உனக்குப் போகணும்னா சொல்லு."

"எனக்கா? என்னை அங்க திட்ட யாரு இருக்கா?" என்றாள் கிம்லான். மூட்டையை அவிழ்த்தார்கள். போனவர்கள் செய்தது சரிதான் என்றே அவள் சொல்வாள். பிற்பாடு நிங் வளர்ந்து ஹாங்காங்குக்கு வேலைக்குப் போனபோதும் தடுக்கவில்லை.

1979-இல் எங்ஹோக் மீதிருந்த குற்றம் அத்தனையும் பொய் என்று ஒரு கூட்டம் போட்டு அறிவித்தார்கள். கைதட்டினார்கள். அவனும் கைதட்டினான். காதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த ஒன்றைக் கிம்லான் மன்னித்ததாக யாரும் சொல்ல முடியாது. அவள் நன்றிக்குக் கணக்கு வேறு, இதற்குக் கணக்கு வேறு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பண்ணைக் கடைத்தெருவில் அவள் தையல்கடை போட்டு இரண்டாம் வருஷம், மாய் படியேறி வந்தான். தலை வழுக்கை விழுந்து, முதுகு கொஞ்சம் வளைந்து. மகள் கல்யாணத்துக்குத் தனக்கு ஒரு கோட்டு வேண்டுமாம். துணியை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"அக்கா, அந்தக் காலத்துல நான்…"

"கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்" என்றாள்.

தூக்கினான். தோள், மார்பு, கை நீளம் எல்லாம் எடுத்தாள். இறக்கிய கையால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் பார்க்காத மாதிரி நூலைத் தேடினாள். கோட்டு நன்றாகவே வந்தது. ஃபூ அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் கடைக்கு வந்து குதித்தாள்.

"அவனுக்குப் போய்த் தைச்சியா? ஒரு ஊசியையாவது உள்ள விட்டு வெச்சிருக்கக் கூடாது?"

"அவர் பொண்ணுக்குக் கல்யாணம் அக்கா."

"உன்னைத் திருத்தவே முடியாது" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அவள் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

எங்ஹோக் தொண்ணூறுகளின் கடைசியில் தூக்கத்திலேயே போனான். ஃபூ அக்கா அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தாள். கண் மங்கியது, கால் விழுந்தது, வாய் மட்டும் குறையவில்லை. ஒருமுறைகூட இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி என்ற சொல்லைச் சொன்னதில்லை. சொல்ல வரும்போதெல்லாம் ஒருத்தி இன்னொருத்தியை ஏதாவது வேலைக்கு ஏவிவிடுவாள். கிம்லான்தான் பல நாள் மனசுக்குள் கணக்குப் பார்ப்பாள். தலை, தையல் மெஷின், வாளி, கிழங்கு, வைக்கோலில் பிறந்த பிள்ளை. இவ்வளவுக்கும் தான் செய்தது ஒரே ஒரு நாள் போட்ட சத்தம்தானே என்று குறைபட்டுக்கொள்வாள்.

ஃபூ அக்கா இறந்த அடுத்த வசந்தத்தில், கல்லறையைச் சுத்தம் செய்யும் நாளில், அவளுடைய பிள்ளைகள் மூவரும் கிம்லானை வண்டியில் ஏற்றி அழைத்துப்போனார்கள். குன்றின் சரிவில் புதுக் கல் நட்டிருந்தார்கள். மூத்தவன் அவள் கையைப் பிடித்து எழுத்துகளின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். அம்மாவின் பெயர், மகன்களின் பெயர், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். அதற்கும் கீழே, தனி வரிசையில், "தங்கை கிம்லான்."

"யாருப்பா இதைப் போடச் சொன்னது? நான் எந்த வகையில சொந்தம்?"

"அம்மாதான் சித்தி. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே சொல்லிட்டாங்க. கல்லு வெட்டறவன் சொந்தம் இல்லாதவங்க பேரைப் போடறதில்லன்னான். அவனை ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வரச்சொல்லி, நர்ஸ் ஓடிவர்ற அளவுக்குக் கத்தினாங்க. 'எனக்காக ஊர் முன்னால வாயைத் திறந்தவடா அவ, அவளைவிட எனக்கு எவ சொந்தம்'னு."

கிம்லான் அந்தக் கல்லருகே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கிழிந்த துணித் துண்டுகள் போல் பூமியில் படர்ந்திருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். சின்னவன் கூடையிலிருந்து வேகவைத்த கோழியையும் சோற்றையும் எடுத்துப் பரப்பினான். எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து, கடல்காற்றில், வயிறாரச் சாப்பிட்டார்கள்.